டிரம்மு சாரும் என் முன்சக்கரங்களும்

அடுத்தவன் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். அடுத்தவன் சம்பளம், அடுத்தவன் தலைமுடி, அடுத்தவன் பிள்ளைக்குக் கிடைத்த கனடா விசா என்று வயிறெரிந்தவர்களோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். அவர்களெல்லாம் கௌரவமானவர்கள். நான் வருஷக்கணக்காகப் பொறாமைப்பட்டது ஒரு மனிதருடைய பிரேக்கைப் பார்த்து. மூலம், சர்க்கரை, மூட்டுவலி வரைக்கும் மனம் விட்டுப் பேசிய நண்பர்களிடம்கூட இதைச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. பத்திரிகையில் எழுதுவது சுலபமாக இருக்கிறது.

அந்தப் பிரேக்குக்குச் சொந்தக்காரர் டிரம்மு சார். நிறுத்துவதற்கென்றே கார் வாங்கிய ஒரே மனிதர் இந்தக் குமரி மாவட்டத்தில் அவர்தான் என்று எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். மற்றவர்கள் காரை ஓட்டுவார்கள், வேறு வழியில்லாமல் போனால் நிறுத்துவார்கள். இவர் நிறுத்துவார். நிறுத்த வேண்டுமே என்பதற்காகக் கொஞ்ச தூரம் ஓட்டுவார்.

தக்கலைக்கும் பத்மநாபபுரத்துக்கும் நடுவே எங்கள் தெரு. என் வீட்டு கேட்டும் அவர் வீட்டு கேட்டும் நேருக்கு நேர். உயர்நிலைப் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போன பிறகும் கழுத்திலிருந்த விசில் போகவில்லை. குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது அவர் மனைவிக்குத்தான் தெரியும். போன வருஷம் அவர்கள் வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்விட்டார்கள். இப்போது எதிர்வீட்டில் ஒரு வெள்ளை எலக்ட்ரிக் கார் நிற்கிறது. சத்தமில்லாமல் வரும், சத்தமில்லாமல் நிற்கும். அதைப் பார்த்து எனக்கு ஒரு பொறாமையும் வருவதில்லை. அந்த வெறுமை தாங்காமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் இரண்டு பழைய அம்பாசிடர் கார்களை ஏலம் விட்டார்கள். ஒரே வயது, ஒரே பால் நிறம், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். நானும் அவரும் ஒரே பஸ்ஸில் போனோம். முதலில் தேர்ந்தெடுக்கிற வாய்ப்பு எனக்குத்தான் கிடைத்தது. நான் சீட்டைப் பார்த்தேன். உறை கிழியாத காரை எடுத்தேன். அவர் மிச்சமிருந்த காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, முன்சக்கரத்துக்குள் கையை விட்டு ஒரு ஸ்பேனரால் தட்டிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். அப்புறம் எழுந்து, முதுகில் ஒட்டியிருந்த ரப்பர் இலையைத் தட்டிவிட்டு, "கொள்ளாம்" என்றார். நல்லாயிருக்கு என்பதை இதற்குமேல் சிக்கனமாகச் சொல்ல முடியாது. என் வயிற்றில் முதல் புகை கிளம்பியது அப்போதுதான்.

தெரியாதவர்களுக்காக: டிரம் என்பது சக்கரத்துக்குள்ளே இருக்கிற ஒரு இரும்புக் குடம். காலால் மிதித்தால் உள்ளே இரண்டு வளைந்த கட்டைகள் விரிந்து குடத்தின் உட்சுவரை அழுத்தும். பிரேக் ஷூ என்று அவற்றுக்குப் பெயர். கார் நின்றுவிடும். உலகத்துக்கு விஷயம் அவ்வளவுதான். டிரம்மு சாருக்கு அங்கேதான் ஆரம்பம்.

சாயங்காலம் ஆனால் பள்ளிக்கூட மைதானத்தில் போடுவது போலத் தன் கேட்டுக்கு எதிரே தெருவின் குறுக்காகச் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போடுவார். காரை எடுத்துக்கொண்டு தெரு முக்கு வரை போவார். திரும்பி வருவார். டேஷ்போர்டில் ததும்பத் ததும்ப ஒரு டம்ளர் டீ இருக்கும். முன்சக்கரம் கோட்டைத் தொட்டதும் கார் நிற்கும். டீ அசையாது. இறங்கி, அந்த டீயை எடுத்து, என் வீட்டைப் பார்த்தபடி ஒரு வாய் குடிப்பார். நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். சில நாள் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்ததாக என் மனைவி சொல்கிறாள்.

என் கார் அப்படியில்லை. மிதித்தால் இடப்பக்கம் இழுக்கும். எந்தக் கடைக்கு எதிரில் மிதித்தாலும் அந்தக் கடைக்குள் எட்டிப் பார்க்கும். தக்கலை ரோட்டில் ஒரு டீக்கடைக்காரர் என் இஞ்சின் சத்தம் கேட்டதுமே பெஞ்சை உள்ளே இழுத்துக்கொள்வார். ஒரு தடவை மட்டி வாழைப்பழக் குலை தொங்கிக்கொண்டிருந்த கடையில் மோதாமல் மூக்கை நுழைத்து நின்றேன். கடைக்காரி பதறவில்லை. "எத்தனை கிலோ சாரே?" என்று கேட்டாள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

பத்மநாபபுரத்தில் மரத்தால் கட்டிய அரண்மனையைப் பார்க்க வருகிறவர்கள் வழி தவறி எங்கள் தெருவுக்குள் வருவதுண்டு. வந்தவர்கள் டிரம்மு சார் காரைப் பார்த்ததும் அரண்மனையை மறந்துவிடுவார்கள். பானெட்டில் சாய்ந்து படம், கதவைப் பிடித்துப் படம், அவரோடு படம். ஒருநாள் வடக்கேயிருந்து வந்த ஒரு அம்மாள் கைச்சாடையால் என்னைக் கொஞ்சம் நகரச் சொன்னாள். நகர்ந்தேன். எனக்குப் பின்னால் என் கார் தெரிந்தது. அதையும் நகர்த்தச் சொன்னாள்.

இந்த இடத்தில் ஒரு நியாயத்தைச் சொல்ல வேண்டும். பொறாமை என் பக்கம் மட்டும் இல்லை. அவருக்குத் தன் டிரம்மின் மேல் இருந்தது, சந்தேகப் புத்தியுள்ள கணவனுக்கு மனைவி மேல் இருப்பது. இன்னொருத்தன் அந்தப் பக்கம் குனிந்து பார்த்தால் விசில் ஊதிவிடுவார். வெளியூர் போகும்போது முன்சக்கரம் இரண்டையும் கழற்றி, டிரம்முகளை எடுத்துக்கொண்டு, சக்கரத்தைத் திரும்ப மாட்டிவிட்டுப் போவார். ஒரே நாளில் திரும்பிவிடுவதென்றால் டிரம்முகள் பீரோவில், நகைக்குப் பக்கத்தில். இரண்டு நாள் என்றால் கூடவே வரும். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்கு அவர் மனைவியைக் கூட்டிப் போனபோது பஸ்ஸில் நடந்ததை அந்த அக்காவே என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"சாரே, பையில என்ன, இத்தற கனம்?" என்று கேட்டிருக்கிறார் கண்டக்டர்.

"டிரம்மு."

"கச்சேரிக்கா போறிய?"

"ஆஸ்பத்திரிக்கு."

கண்டக்டர் குழம்பிப்போய் அக்காவைப் பார்த்திருக்கிறார். "பிரஷர் எனக்குத்தான் மக்கா" என்று அக்கா சொன்னார்களாம். "அதை வீட்டுல வச்சிட்டு வந்தா இவியளுக்கும் ஏறும். ரெண்டு பேருக்கும் மருந்து வாங்க முடியாது பாத்துக்க."

டிரம்மைத் தட்டித் தட்டி அவருக்குக் கை எதைக் கண்டாலும் தட்டும். நல்ல இரும்பு மணி மாதிரி பாடும், விரிசல் விழுந்தது செத்த சத்தம் போடும் என்பது அவர் சித்தாந்தம். ஒரு கல்யாண வீட்டில் பாயச உருளியைத் தட்டிப் பார்த்து, "இது அழுவுது" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். சமையல்காரர் கரண்டியோடு துரத்தாத குறை. பந்தி பாதியில் உருளியின் அடி விட்டு அடைப்பிரதமன் பாயசம் அடுப்புக்குள் போனது. அன்றிலிருந்து எங்கள் பக்கத்துச் சமையல்காரர்கள் அடுப்பில் ஏற்றுமுன் அவரைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னார்கள். என்னை யாரும் எதையும் தட்டிப் பார்க்கக் கூப்பிட்டதில்லை.

இதையெல்லாம் நான் சகித்துக்கொண்டுதான் இருந்தேன். ஷைனியின் கல்யாணத்தில்தான் அது கட்டுமீறியது.

ஷைனி என் அக்கா மகள். எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பெண்ணைச் சர்ச் வாசலில் கொண்டுபோய் இறக்குவது தாய்மாமன். அவனுடைய வண்டியில், அவன் பொறுப்பில். கார் நின்றதும் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் முன்வந்து ஊரறிய மாமனுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். அதற்கப்புறம்தான் பெண் காலைக் கீழே வைப்பாள். ஒரு மனிதன் தாய்மாமனாகப் பிறந்ததற்கு வாழ்க்கையில் கிடைக்கிற பலன் அந்த ஒரு நிமிஷம்தான். எனக்கு இருப்பது ஒரே அக்கா, அவளுக்கு ஒரே மகள். இன்னொரு வாய்ப்புக் கிடையாது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஷைனி வீட்டுக்கு வந்தாள். நேந்திரங்காய் வறுவலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள். கெட்ட செய்தியை எப்போதும் தின்பண்டத்தோடு சொல்வது எங்கள் வீட்டு வழக்கம்.

"மாமா, நீங்க வருத்தப்படப்படாது. நான் டிரம்மு சாருக்க காருலதான் போவேன்."

"ஏட்டி, ஒனக்கு மாமன் நானா அவரா?"

"மாமன் நீங்கதான். காரு அவியளுக்கது."

"எனக்க காருக்கு என்னட்டி கொறச்சல்?"

"சர்ச்சு வாசல்ல நிக்கணும்லா மாமா. கல்லறைத் தோட்டத்துல போய் நின்னா?"

எங்கள் சர்ச்சுக்கு இடப்பக்கம் கல்லறைத் தோட்டம். அவள் சொன்னதில் பிழையில்லை. அதனால் கோபம் இன்னும் கூடியது. அக்காவிடம் போனேன். "நீயும் அவரு பக்கத்துல முன்சீட்டுல இரியேம்டே" என்றாள். டிரம்மு சார் காரில், டிரம்மு சார் பக்கத்தில் உட்கார்ந்து, டிரம்மு சார் நிறுத்துகிற அழகைப் பார்த்துக்கொண்டு வருவதா?

"நான் பிரேக்கைச் சரி பண்ணிட்டா?" என்று கேட்டேன்.

"சரி பண்ணு, பாப்போம்" என்றாள் அக்கா. நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறுவேன் என்று சொன்னபோதும் இதே குரலில்தான் சொன்னாள்.

எந்த ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனாலும் செய்தி டிரம்மு சாருக்குப் போய்விடும். ஆகவே முன்சக்கரப் பிரேக் இரண்டையும் நானே மாற்றுவது என்று முடிவு செய்தேன். நாகர்கோவிலிலிருந்து புது ஷூ வாங்கி வந்தேன். கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு வெள்ளைக்காரர், துடைத்து வைத்த கொட்டகையில் நின்று, இதே மாதிரிக் காருக்கு இதே வேலையைச் செய்கிற வீடியோவைப் பார்த்துப் பாடம் பண்ணினேன். அவர் டிரம்மை இரண்டு விரலால் இழுத்தார், அது அவர் கைக்கு வந்தது. நான் மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலால் அடித்து, ஒரு காலைச் சக்கரக் குழியில் உதைத்து இழுத்தபோது அதுவும் வந்தது. நான் ஷெட்டுத் தரையில் மல்லாந்து கிடந்தேன், அது என் நெஞ்சின் மேல் இருந்தது. ஷூக்களைப் பிடித்திருந்த ஸ்பிரிங் ஒன்று துள்ளி எழுந்து, சுவரைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டுக்குப் போய்விட்டது.

சற்று நேரத்தில் டிரம்மு சார் ஷெட்டு வாசலில் நின்றார். உள்ளங்கையில் அந்த ஸ்பிரிங்.

"ஓய், இது உமக்க முன்சக்கரத்து மேல் ஸ்பிரிங்கு. எனக்க செம்பருத்தியில கெடந்து."

"தாங்க அண்ணே."

தரவில்லை. கண் என் தோளுக்கு மேலாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"ரெண்டு பக்கத்தையும் ஒருமிச்சா கழத்துனீரு?"

"ஆமா. அதுல என்ன?"

"ஒண்ணுமில்லே." கழுத்தை நீட்டி இன்னொரு தடவை எட்டிப் பார்த்து, "ஒண்ணு சொல்லட்டா?"

"வேண்டாம் அண்ணே. எல்லாம் வீடியோவுல இருக்கு."

"வீடியோவுல இருந்தா சரி."

ஸ்பிரிங்கைத் தந்துவிட்டும் அவர் போகவில்லை. விசிலை விரலால் உருட்டிக்கொண்டு நின்றார். தன்னைக் கேட்காமல் ஒருவன் டிரம்மைத் திறந்துவிட்டான் என்கிற அந்த முகம் எனக்கு நன்றாகப் பழக்கமான முகம். தினமும் சாயங்காலம் செய்தித்தாளுக்குப் பின்னால் நான் வைத்திருக்கிற முகம் அது. அதை அவர் மேல் பார்த்ததில் எனக்குண்டான சந்தோஷத்தில் அன்று இரண்டு டீ கூடுதலாகக் குடித்தேன். ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தேன்.

இங்கேதான் என் புத்தி போயிற்று. சக்கரத்துக்குள்ளே ஷூக்களைத் தாங்கிக்கொண்டு ஒரு வட்டத் தகடு இருக்கும். யார் கண்ணிலும் படாது. டிரம்மு சார் அதற்குக்கூட வெள்ளிப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும், அவர் ஒருமுறை வேண்டுமென்றே எனக்குக் காட்டினார். நானும் தகடு இரண்டையும் கழற்றி எடுத்துப் பெயிண்ட் அடித்தேன்.

"உள்ள கெடக்கதுக்கு எதுக்குப் பெயிண்டு?" என்றாள் என் மனைவி. "ஆரு பாக்கப் போறா?"

"டிரம்மு சார் பாத்தா?"

"அவிய கழத்திப் பாக்கவா போறாவ?"

"அவரு கழத்தாமலே பாப்பாரு."

ஒரு கோட்டிங் போதும் என்றுதான் டப்பாவில் எழுதியிருந்தது. அவர் ஒன்று அடித்திருப்பார் என்று நினைத்து நான் இரண்டு அடித்தேன். தகட்டின் ஓரத்தில் எதற்கோ சின்னதாக ஒரு எழுத்துக் குத்தியிருந்தது. அசிங்கமாகத் தெரிந்ததால் அதன் மேல் மட்டும் மூன்றாவது தடவையும் அடித்து மறைத்தேன். இரண்டையும் துணி காயப்போடுகிற கயிற்றில் தொங்கவிட்டேன். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி மினுங்கின.

எல்லாம் மாட்டி முடிந்து, பிரேக் குழாயிலிருக்கிற காற்றை வெளியேற்ற என் மனைவியைக் காருக்குள் உட்காரவைத்தேன். நான் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு "மிதி" என்பேன், அவள் மிதிப்பாள். "விடு" என்பேன், விடுவாள். பாதி வழியில் மேலேயிருந்து குரல் வந்தது: "இந்த மிதிக்கு ஒரு தையல் மிஷின் வாங்கித் தந்திருந்தா கல்யாணத்துக்கு ரெண்டு ஜாக்கெட் தச்சிருப்பேன்."

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் காரை வெளியே எடுத்தேன். தெருவில் ஆள் இருக்கிறதா என்று பார்த்தேன். டிரம்மு சார் தன் கேட்டில் நின்றார், கையில் டம்ளர். நல்லது, பார்க்கட்டும். முக்கு வரை போய்த் திரும்பி வந்து, அவர் கண்ணுக்கு நேரே மிதித்தேன்.

இடப்பக்கம் இழுக்கவில்லை. வலப்பக்கமும் இழுக்கவில்லை. நிற்கவும் இல்லை.

அவரைத் தாண்டி, அவர் கோட்டைத் தாண்டி, தெரு தீர்ந்து மேடு தொடங்குகிற இடத்தில், மேட்டின் தயவால் நின்றது. பதற்றத்தில் ரிவர்ஸ் போட்டுப் பின்னால் வந்து, தயங்கித் தயங்கிக் காலை வைத்தேன். யாரோ பின்னாலிருந்து பல்லால் கவ்விப் பிடித்தது போலக் கார் நின்றது. என் நெற்றி முன்னால் போகவில்லை, பின்மண்டை சீட்டில் போய் இடித்தது.

டிரம்மு சார் நிதானமாக வந்து ஜன்னலில் குனிந்தார்.

"பின்னால போகும்போ எனக்க வண்டியவிட நல்லா நிக்குது."

நான் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன்.

"தகடு மாறிப் போச்சு ஓய். இடத்தேது வலத்தே, வலத்தேது இடத்தே. எழுத்துப் போட்டிருக்கும், பாக்கலியா?"

இந்தக் காரின் முன்பிரேக்குக்கு ஒரு முகம் உண்டு. சக்கரம் முன்பக்கம் சுற்றும்போது ஷூக்கள் அதைக் கவ்விக்கொள்ளும்படி தகட்டில் பொருத்தியிருப்பார்கள். தகட்டை இடம் மாற்றினால் கவ்வுகிற முகம் பின்பக்கம் திரும்பிவிடும். இடம் எது வலம் எது என்று சொல்லத்தான் அந்த எழுத்து. அதன் மேல் நான் மூன்று தடவை பெயிண்ட் அடித்திருந்தேன்.

"ஒரு மணிக்கூறு தந்தா மாத்தித் தாறேன்" என்றார்.

அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது: சரி அண்ணே. இரண்டே எழுத்து, ஒரு உறவு. எனக்கு வாயில் வேறு வந்தது.

"நான் வேணும்னேதான் அப்படி வச்சேன்."

"எதுக்கு?"

"ஷெட்டுக்குள்ள ரிவர்ஸ் எடுக்க."

என் ஷெட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "கொள்ளாம்" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போனார்.

கல்யாணத்தன்று காலையில் அக்கா வீட்டுக்கு என் காரில்தான் போனேன். அடுத்த தெருதான். பின்சக்கரப் பிரேக்கையும் கைப்பிரேக்கையும் நம்பி, முதல் கியரில், மாட்டுவண்டி வேகத்தில் போனேன். தாய்மாமன் ஆட்டோவில் வந்து இறங்கினான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது. வாசலில் டிரம்மு சார் கார் நின்றது. முல்லைச் சரமும் வெள்ளை ரிப்பனும் கட்டி, அதற்கே கல்யாணம் என்பது போல. அவர் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், விசில். நான் என் கார்ப் பக்கத்தில் நின்று, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் அந்தக் காரைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். நான் சொல்லாமலே நகர்ந்து நின்றேன்.

ஷைனி வெள்ளைப் பட்டும் வலைத்துணியுமாக வெளியே வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். டிரம்மு சார் அவளுக்காகக் கதவைத் திறந்தவர், என் பக்கம் திரும்பிப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ. கதவைச் சாத்தினார். பேன்ட் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, வெள்ளைப் பேன்ட்டோடு மண்ணில் முட்டுக்குத்தி உட்கார்ந்து, முன்சக்கரத்துக்குள் கை விட்டுத் தட்டினார்.

அது பாடியது. எங்கள் சர்ச் மணிகூட அவ்வளவு தெளிவாக ஒலித்ததில்லை.

"சத்தம் சரியில்லே" என்றார்.

அக்கா பதறிவிட்டாள். "என்ன சாரே, இந்த நேரத்துலயா?"

"விரிசல் இருக்கும்போல. மக்ளே, இதுல ஒன்னை ஏத்த எனக்கு மனசு கேக்கல்ல. மாமனுக்க வண்டியில ஏறு."

"மாமாக்க வண்டி நிக்குமா சாரே?" என்று கேட்டாள் ஷைனி.

"நிக்கும். எப்படி நிக்கும்னு நான் பாத்துக்கிடுதேன்."

தன் டிரம்மைத் தானே விரிசல் என்று சொல்லக்கூடியவர் இல்லை அவர். பெற்ற மகளைப் பற்றி அபாண்டம் சொல்வதைப் போன்றது அது. அதை ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டு, தன் காரிலிருந்து முல்லைச் சரத்தை அவிழ்த்து என் காரில் கட்டிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷமும் பொறாமையாகத்தான் இருந்தது. நல்லவனாக இருப்பதிலும் இந்த மனிதர் என்னை முந்திவிட்டாரே என்று.

பின்சீட்டில் ஷைனியும் அவள் அப்பாவும். முன்னால் நான் தனியே. டிரம்மு சார் காருக்கு முன்னால் நடந்தார். சமதளம் முடிந்து, சர்ச்சுக்கு இறங்குகிற இறக்கத்தின் தலையில் விசில் ஊதினார்.

"வண்டியத் திருப்பும்."

"என்னத்துக்கு?"

"பின்னால எறக்கும் ஓய். முன்னால எறக்கினா மாப்பிள்ளை வீட்டுக்காரங்களையும் ஏத்திக்கிட்டு சர்ச்சுக்குக் கீழ கெடக்க ஆத்துக்குப் போவீரு."

திருப்பினேன். டிக்கி சர்ச்சைப் பார்க்க, பானெட் வந்த வழியைப் பார்க்க, என் அக்கா மகள் தன் கல்யாணத்துக்குப் பின்பக்கமாக இறங்கத் தொடங்கினாள். டிரம்மு சார் டிக்கிக்கு முன்னால் ஓடிப்போய் நின்று, இரண்டு கையையும் அகல விரித்து, பாதி என்னையும் பாதி சர்ச்சையும் பார்த்து, பள்ளிக்கூட விளையாட்டு விழா அணிவகுப்பை நடத்துகிறவர் போல வந்தார். "பைய... பைய... வலத்தே கொஞ்சம்... அப்படியே..." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சிறு விசில். பாட்டுக்குழு பாட்டை நிறுத்திவிட்டது. ஜனம் சர்ச்சை விட்டு வெளியே வந்தது. வீடியோக்காரர் ஓடி வந்தார்.

"மச்சான்," என்றார் பின்னாலிருந்து ஷைனியின் அப்பா, "பெண்ணைக் குடுக்கப் போறோமா, திருப்பிக் கொண்டு போறோமா?"

ஷைனி வலைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

நீளமாக ஒரு விசில். "ஹால்ட்!"

மிதித்தேன். கார் நின்றது. இடம் வலம் ஒரு விரல் அசையவில்லை. டிக்கி சர்ச்சின் முதல் படிக்கு நேர் எதிரே. கல்லறைத் தோட்டம் எங்கோ தொலைவில், அமைதியாக இருந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு பிரேக்கை நான் அடித்ததில்லை. ஊர் கை தட்டியது.

மாப்பிள்ளையின் பெரியப்பா பொன்னாடையை விரித்துக்கொண்டு, மார்த்தாண்டத்துக்காரர்களுக்கே உரிய கம்பீரத்தோடு முன்னால் வந்து, டிரம்மு சாருக்குப் போர்த்தினார். வெள்ளைச் சட்டையும் விசிலுமாக எதிரே நின்றவர் அவர்தானே. படம் எடுத்தார்கள். யாரோ என் பக்கம் கையை ஆட்டி, "டிரைவர் வண்டிய ஓரமா போடட்டு" என்றார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இறங்கிப்போய் மாமன் நான்தான் என்று சொல்லிப் பொன்னாடை கேட்கிற அளவுக்கு என் பொறாமைக்கும் தைரியம் போதவில்லை.

டிரம்மு சார் பொன்னாடையோடு என் ஜன்னலுக்கு வந்தார். அதைக் கழற்றி, ஜன்னல் வழியே கையை நீட்டி, என் தோளில் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துச் சரி செய்தார். எல்லாருக்கும் கேட்கும்படி, மைதானத்துக் குரலில் சொன்னார்:

"மாமன் இவருதான். நான் விசிலு ஊதினவன்."

பொன்னாடையில் அவருடைய வியர்வை இருந்தது, ஓரத்தில் கிரீஸ் விரல் பட்டிருந்தது. சித்திரை மாசத்து வெயில். விருந்து முடிகிற வரைக்கும் அதை நான் தோளிலிருந்து எடுக்கவில்லை. பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் இடம் பிடித்து உட்கார்ந்தேன்.

பாயசம் பரிமாறும்போது மாப்பிள்ளையின் அம்மா என் அக்காவிடம் குனிந்து, எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னார்கள்:

"மாமனைப் பாத்தா நல்ல மனுசனாத்தான் இருக்காவ. முன்னால ஓட்ட மட்டும் தெரியாதோ?"